பருந்துக் கணக்கு காட்பாடியிலும் தொடங்கட்டும்

புரட்டாசி வாக்கில் மத்திய ஆசியப் புல்வெளிகளை விட்டுப் பூனைப்பருந்துகள் தெற்கே கிளம்புகின்றன. நம் கரம்புகளிலும் ஏரிக் கோரைகளிலும் தாழப் பறந்து, எலியும் வெட்டுக்கிளியும் பிடித்துத் தின்று, பங்குனி வாக்கில் திரும்பிவிடுகின்றன. காட்பாடி வட்டாரத்துக்கு வருபவை பெருகுகின்றனவா, அருகுகின்றனவா என்று சொல்ல, ஆண்டுதோறும் ஒரே இடத்தில் ஒரே முறையில் எடுத்த கணக்கு வேண்டும். அதைத் தன்னார்வலர்கள் எடுக்கட்டும். வனத்துறை துணை நிற்கட்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்றொரு மலை. வலசை போகும் பருந்துகளை வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்டு வீழ்த்திய இடம். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். காவலுக்கு வந்த மாரிஸ் புரூன், கடந்துபோன பறவைகளை நாள்தோறும் எண்ணி எழுதினார். வயதையும் சேர்த்தே குறித்தார். 1935–39-இல் அங்கே தென்பட்ட வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளம்பறவைகள். 1955–59-இல் அது 20 ஆகச் சரிந்தது. 1957-இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளங்கழுகுதான். வானத்தில் கழுகுகள் இருந்தன, குஞ்சுகள் தேறவில்லை. ரேச்சல் கார்சன் 1962-இல் ‘மௌன வசந்தம்’ நூலில் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராக இந்தக் கணக்கைச் சாட்சியாக வைத்தார். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்குத் தடை விதித்தது. புரூன் எண்ணத் தொடங்கியபோது டி.டி.டி. பூச்சிமருந்தாகப் புழக்கத்துக்கே வரவில்லை. யாரையும் குற்றம் சாட்ட எடுத்த கணக்கல்ல என்பதால்தான் அதற்கு அவ்வளவு வலு.

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பாழான கதையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். அந்தக் கழிவை எதிர்த்து 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு ஆராய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததைப் பதிவு செய்கிறது. ஊர்க்காரர்களின் கணக்கும் நீதிமன்றம் ஏறும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அது கிணறு கெட்ட பிறகு எடுத்த கணக்கு. எலியும் பூச்சியும் தின்ற நஞ்சு கடைசியில் போய்ச் சேருவது பருந்தின் உடலில். பருந்துகளை இப்போதே எண்ணத் தொடங்கினால், அடுத்த கேடு முற்றும் முன்பே நமக்குத் தெரியவரும்.

ஆர்வலர் கணக்கில் பிழை மலியும் என்பார்கள். இளம் பூனைப்பருந்துகளில் இனம் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கும் கடினம்தான். ‘பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை’ என்று நேர்மையாக எழுதினால் போதும், அதுவும் கணக்கே. 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது சுமார் 30,000 பறவை நோக்கர்களின் பதிவுகளைக் கொண்டுதான். ஊனுண்ணும் பறவைகள் கடுமையாகக் குறைந்துவருவதைச் சொன்னதும் அதே அறிக்கைதான்.

வனத்துறை ஆண்டுதோறும் ஓரிரு நாட்களில் நடத்தும் கணக்கெடுப்பு நல்ல முயற்சி. ஆனால் வலசை மாதக்கணக்கில் நடப்பது. பூனைப்பருந்துகள் அந்தியில் புல்தரைக்கு ஒன்றுகூடி உறங்க வருபவை. அக்டோபர் முதல் மார்ச் வரை இரு வாரத்துக்கொரு மாலை, இடத்துக்கு இருவர் நின்றாலே எண்ணிவிடலாம். காட்பாடியிலும் சேர்க்காட்டிலும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுமதியும் பயிற்சியும் இரவல் தொலைநோக்கியும் தருவது வனத்துறைக்குப் பெரிய செலவல்ல. ஒன்றும் வராத மாலையையும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். உறங்குமிடங்களை மறைத்து, எண்ணிக்கையை மட்டும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வரும் அக்டோபருக்கு முன் மாவட்ட வன அலுவலர் இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.