அறுத்துக் கொட்டும் புல்லா, சாமிக்குச் சாத்தும் பூவா?



ஆடி மாசம் நெருங்குது. தோட்டத்து ஆலயம், டவுன் ஆலயம் எல்லாத்துலயும் வளாகத்தைச் சுத்தம் பண்ற வேலை தொடங்கியாச்சு. புல் வெட்டுற மிஷின் சத்தம் ஒரு பக்கம், மருந்து பம்பு ஒரு பக்கம். கூட்டுப் பணிக்குப் போற ஒரு தொண்டர் என்ற முறையில ஒரு விஷயத்தைத் திறந்து பேசணும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

நம்ம ஆலயங்களைச் சுத்தி இருக்கிற புல்தரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டு, இந்த மண்ணுக்கே உரிய மரம் செடிகளை நடணும். நான் கேட்கிறது இவ்வளவுதான்.

முதல்ல அந்தப் புல்லைப் பாருங்க. அகல இலையோட பாய் விரிச்ச மாதிரி படர்ந்து கிடக்குமே, 'கவ் கிராஸ்'னு சொல்வாங்களே, அது அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. அது அருகம்புல் இல்லை. பிள்ளையாருக்குச் சாத்த முடியாது. அதனால வாசல்ல இருக்கிற புல்லைக் காசு கொடுத்து அறுத்துக் கொட்டுறோம், சாமிக்கு வேண்டிய அருகம்புல்லைக் காசு கொடுத்துக் கடையில வாங்குறோம். பூவும் அப்படித்தான். உங்க ஆலயத்துல ஒரு வருஷத்துக்குப் புல் வெட்டின பில்லையும் பூக்கடை பில்லையும் பக்கத்துல வச்சுக் கூட்டிப் பாருங்க. அது அத்தனையும் உபயக்காரங்க கொடுத்த காசு.

காசை விடுங்க. மருந்து விஷயம்தான் எனக்குப் பெரிசு. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கம் தோட்டங்கள்ல பிறந்தவங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம அம்மாக்களும் அத்தைகளும்தான் முதுகுல பம்பு மாட்டிக்கிட்டு ரப்பர் காட்டுலயும் செம்பனைக் காட்டுலயும் மருந்து அடிச்சாங்க. பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி பட்டா தோல் வெந்துபோகும், நகம் கழன்று விழும், மூக்கில ரத்தம் வரும். 2002-ல் அரசாங்கம் அதைத் தடை செய்யப் போறதா அறிவிச்சுது. 2006-ல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திட்டாங்க. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல்தான். அந்த ஒரு மருந்து போச்சு, வேற பேர்ல வேற மருந்து கடையில இருக்கு.

அப்படி உழைச்ச அம்மாக்கள்தான் இன்னிக்கு வயசான காலத்துல வெறுங்காலோட பிராகாரம் சுத்தி வர்றாங்க. அவங்க பேரப்பிள்ளைங்க அந்தப் புல்லுல உட்கார்ந்துதான் பிரசாதம் சாப்பிடுறாங்க. வேண்டுதல் உள்ளவங்க அதே மண்ணுல அங்கப்பிரதட்சணம் பண்றாங்க. அந்த இடத்துல களைக்கொல்லி அடிக்கலாமா? 'திருவிழாவுக்கு வளாகம் பளிச்சுனு இருக்கணும்'னு சொல்றாங்க. பளிச்சுனு இருக்கணும்தான். ஆனா அதுக்கு மருந்துதான் வழின்னு யார் சொன்னது?

சரி, புல்லுக்குப் பதிலா என்ன நடுறது? இங்கேதான் நமக்கு ஒரு பெரிய கொடுப்பினை இருக்கு. நம்ம தாத்தா பாட்டி கப்பல் ஏறி வந்தப்போ, நம்ம சாமிக்கு உகந்த மரங்கள் இந்த மண்ணுல முன்னாடியே நின்னுக்கிட்டு இருந்துச்சு.

நெல்லியை எடுத்துக்குங்க. மலாய்க்காரங்க அதை 'போக்கோ மலாக்கா'ன்னு சொல்றாங்க. பரமேஸ்வரா ஒரு மரத்தடியில நின்னப்போ, சின்னஞ்சிறு சருகுமான் வேட்டை நாயை உதைச்சதைப் பார்த்தார். அந்த மரத்தின் பேரையே ஊருக்கு வச்சார்னு கதை சொல்லுது. அந்த மரம்தான் நம்ம நெல்லி. அதியமான் ஔவைக்குக் கொடுத்தானே, அதே கனி. துளசி கல்யாணத்துக்கு நாம தேடி அலையுற கிளையும் அதுதான். மாநிலத்தோட பேரே நெல்லிதான்னு சொல்ற ஊர்ல, எத்தனை ஆலயத்துல ஒரு நெல்லி மரம் நிக்குது?

மகிழம் அடுத்தது. திருவண்ணாமலையில தல விருட்சம். இங்கே 'தஞ்சோங்'. வாடினாலும் வாசம் போகாத பூ, நல்ல நிழல். புன்னை, மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தல விருட்சம். இங்கே கடற்கரையோரம் தானா வளர்ற 'பெனாகா லாவுட்'. செண்பகத்துக்குப் பேரே 'செம்பாகா'தான். நர்சரியில இந்த மலாய்ப் பேரைச் சொல்லிக் கேளுங்க, உடனே புரிஞ்சுக்குவாங்க. கீழே தரையை மூட, ஈரமான நிழல்ல வல்லாரை. மலாய் வீடுகள்ல 'பெகாகா'ன்னு சோத்தோட சாப்பிடுறது அதுதான். நல்ல வெயில் படுற இடத்துல பிள்ளையாருக்கு ஒரு பாத்தி அருகம்புல்.

வேம்பு, வில்வம், துளசியை எடுக்கச் சொல்றேன்னு யாரும் நினைக்க வேண்டாம். அவை எப்பவும் போல இருக்கட்டும். நான் சொல்றது வெறும் புல் கிடக்கிற இடத்தை மட்டும்தான். மாசி மகத்துக்குச் செங் சந்நாசிமலைக்கு நடந்து போனவங்களுக்கு அந்த மாசத்து வெயில் எப்படின்னு தெரியும். புல் நிழல் தராது. 1991-லயும் 2020 தொடக்கத்துலயும் மலாக்காவுல தண்ணிப் பஞ்சம் வந்ததை மறந்துடாதீங்க. வேர் பிடிச்ச மரம் அந்த மாதிரி வறட்சியையும் தாங்கும்.

நிர்வாகக் கூட்டத்துல இதைச் சொன்னா, வழக்கமா வர்ற கேள்விகள் இருக்கு.

'செடி வச்சா கொசு வரும்.' டெங்கி கொசு முட்டையிடுறது இலையில இல்லை, தேங்கிய தண்ணியில. உடைச்சுப் போட்ட தேங்காய் ஓடு, பழைய அகல் விளக்கு, பூத்தொட்டியின் அடித்தட்டு, இதையெல்லாம் முதல்ல கவிழ்த்து வைங்க.

'பாம்பு வரும்.' நியாயமான பயம். அதனாலதான் புதர் வேண்டாம், அடி சுத்தமா இருக்கிற மரம் நடுங்கன்னு சொல்றேன். நடைபாதையை எப்பவும் திறந்து வைங்க.

'கூடாரம் எங்கே போடுறது, கார் எங்கே நிக்கும்?' முன்பக்கத்தைத் தொட வேண்டாம். மடப்பள்ளிப் பக்கம், வேலியோரம், பின்பக்கம் போதும்.

'வேர் சுவரைப் பிளக்கும்.' புன்னை பெரிசா வளரும். விமானத்துக்கும் கால்வாய்க்கும் தள்ளி நடுங்க.

புல்லை அழிக்க மருந்து தேவையே இல்லை. அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் புல் மேல பரப்பி, அதுக்கு மேல காய்ஞ்ச இலையைக் கனமா கொட்டுங்க. வெளிச்சம் கிடைக்காம சில மாசத்துல புல் மக்கிடும். இப்போ மூடி வச்சா, தீபாவளியை ஒட்டி மழை பிடிக்கிறப்போ கன்று நடலாம். ஜாலான் துக்காங் எமாஸில் 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் மாதிரி நெருக்கமான தெருவுல இருக்கிற டவுன் ஆலயங்களுக்குத் தொட்டி போதும். துளசியும் வல்லாரையும் தொட்டியில நல்லா வரும்.

தோட்டத்து ஆலயங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நிலம் கம்பெனி பேர்ல இருந்தா, மரம் நடுறதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. பிள்ளைங்க தண்ணி ஊத்தி வளர்த்த மரத்தை அப்புறம் வெட்டச் சொன்னா மனசு தாங்காது.

நிர்வாகத்துல இருக்கிற அண்ணன்மார், அக்காமார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆடிக்கு வளாகத்துல மருந்து அடிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு தீர்மானம் போடுங்க: நம்ம ஆலயத்துல ஒரு நெல்லி. பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் உபயம் கேட்கிற மாதிரி மரத்துக்கும் உபயம் கேளுங்க. கொடுக்க ஆள் இருக்கு. தண்ணி ஊத்த நாங்க தொண்டர்கள் இருக்கோம்.