மறுதேர்வில் மதிப்பெண் குறைந்தால்?

நுழைவுத் தேர்வை மறுபடியும் எழுதலாமா? எழுதினால் முன்பு வாங்கியதும் குறைந்துவிடுமோ? முடிவு வெளியானதும் மாணவர் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2020-21-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் சுமார் 71 சதவீதத்தினர் மறுமுறை எழுதியவர்களே. ஆகவே இது ஒருவர் இருவரின் கவலையன்று.

மதிப்பெண் என்பதும் ஓர் அளவீடுதான். எந்த அளவீட்டிலும் ஏற்ற இறக்கம் உண்டு. எங்கள் மதுராந்தகம் ஏரியில், காற்று வீசும் நாளில், ஓர் அளவுகோலை நட்டுப் பார்ப்பதாகக் கொள்வோம். அலை எழும்போது ஓர் அளவு தெரியும். தாழும்போது வேறோர் அளவு தெரியும். ஏரியின் நீரோ கூடவுமில்லை, குறையவுமில்லை.

நீட் தேர்வில் 180 வினாக்கள். மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறான விடைக்கு 1 கழியும். ஒரு மாணவி 40 வினாக்களுக்கு விடை தெரியாமல், நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறிக்கிறாள். சராசரியாக 10 சரி, 30 தவறு. கிடைப்பது 10 மதிப்பெண். ஏழே சரியானால் 28-இல் 33 கழிந்து, 5 நட்டம். பதின்மூன்று சரியானால் 52-இல் 27 போக, 25 இலாபம். இரண்டும் எளிதில் நிகழக்கூடியவையே. அவளுடைய அறிவு மாறாமலே 30 மதிப்பெண் மாறிவிட்டது!

முதல்முறை தற்செயலும் கைகொடுத்து உயர்ந்தவர், அடுத்தமுறை சற்று இறங்குவது இயல்பு. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்று உயரம் குறைந்திருப்பதை 1886-இல் பிரான்சிஸ் கால்டன் விளக்கினார். இதுவும் அந்த வகையே. எனவே சிறிய இறக்கத்தைக் கண்டு, 'எனக்கு மூளை போதாது' என்று முடிவு கட்டுவது விஞ்ஞான முறையாகாது.

அடுத்து, விதியைப் பாருங்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இரண்டில் உயர்ந்ததே கணக்கில் சேரும். அங்கே இறக்கத்தால் இழப்பில்லை. நீட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே. பழையது எப்படியும் மறு ஆண்டுக்கு உதவாது. உண்மையான இழப்பு, கையிலிருக்கும் இடத்தை விடுவதும், செலவாகும் ஓராண்டும்தான். 2024-இல், தேர்வில் நேரம் குறைந்ததற்காகக் கருணை மதிப்பெண் பெற்ற 1563 பேருக்கு அது இரத்தாயிற்று. கருணை மதிப்பெண் நீங்கலான பழைய மதிப்பெண்ணை ஏற்கலாம். அல்லது ஜூன் 23 அன்று மறுதேர்வு எழுதலாம் என்றார்கள். 813 பேரே எழுதினார்கள்.

மருத்துவத்துக்கும் ஆண்டுக்கு இருமுறை தேர்வு வைத்து, உயர்ந்ததை ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. தற்செயலை அது முற்றும் நீக்காது. ஆனால் ஒரே நாளின் தடுமாற்றத்துக்காக ஓராண்டைச் செலவிடும் நிலை குறையும். அன்றாடக் கூலியை நம்பும் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது மிகப் பெரிய தொகை.

அதுவரை, மறுமுறை எழுத எண்ணும் மாணவர்கள் பழைய விடைகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பாடம் தெரியாமல் இழந்தவை எத்தனை? ஊகத்தில் இழந்தவை எத்தனை? முதல் வகை மிகுதியானால், ஓராண்டுப் படிப்பு பயன் தரும். இரண்டாம் வகையே மிகுதியானால், கிடைத்த இடத்தில் சேர்வதைப் பற்றிப் பெற்றோருடன் அமர்ந்து பேசுங்கள்.