அந்த ரம்பத்தைக் கீழே வை, தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

நம் பள்ளிக் குழுவில் கனடாவிலிருந்து ஒரு மாணவன் படம் போட்டிருந்தான். ஒன்டாரியோவில் வேலை பார்க்கிறான். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, மான் வேட்டைக்கென்று பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறான். நம்மூரில் 'த்ரீ நாட் த்ரீ' என்போமே, அந்தக் குடும்பம்தான். நம்பர் 4 மாடல், 1943 முத்திரை, லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. குழலின் நுனிவரை மூடிய மரக்கட்டை, இரும்பு சைட், எல்லாம் ஆலையை விட்டு வந்தபடியே இருக்கின்றன. கீழே அவன் எழுதியிருப்பது: "முன்கட்டையைப் பாதியோடு அறுத்துவிட்டு, சைட்டைக் கழற்றி எறிந்து, டிரில் போட்டு ஸ்கோப் மாட்டப் போகிறேன் சார்." அதற்கு வரிசையாக 'செம', 'மாஸ்' என்று பாராட்டு வேறு.

நான் பாராட்டவில்லை. அறுக்காதே என்கிறேன்.

"வாத்தியாருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?" என்று மாப்பிள்ளை ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ சுட்டதும், தேர்தல் பணிக்குப் போன இடங்களில் வாசலில் நின்ற காவலர் தோளில் த்ரீ நாட் த்ரீயைப் பார்த்ததும்தான் என் நேரடி அனுபவம். மற்றதெல்லாம் படித்தது. படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதைத்தானே உங்களுக்கு இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தேன்?

முதலில் கட்டை. அது பிடித்துக்கொள்ள மட்டும் வைத்த மரம் அல்ல. நம்பர் 4-ல் முன்கட்டையின் நுனி குழலைக் கீழிருந்து லேசாக மேல்நோக்கித் தாங்கும்படி பொருத்தியிருப்பார்கள். சுடும்போது குழல் அதிரும்; ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாங்கல். நீ நுனியை அறுத்த அன்றே அது போய்விடும். குண்டு விழும் இடம் மாறும், குறியின் நெருக்கமும் கெடலாம். 'எடை குறைந்தது' என்று நீ மகிழும்போது துப்பாக்கியின் கணக்கு தப்பியிருக்கும்.

இதைப் பட்டாளமே செய்து பார்த்தது. 1944-ல் வந்த நம்பர் 5 மாடல், காட்டுச் சண்டைக்கென்று கட்டையையும் குழலையும் குறைத்து, ஏறக்குறைய ஒரு கிலோ இளைத்தது. பலன்? தோளில் உதை கூடியது. சரிபார்த்த குறி நிலையாக நிற்கவில்லை என்று புகார் கிளம்பியது. 1947-லேயே உற்பத்தி நின்றது. பொறியாளர்கள் அளந்து செதுக்கியதற்கே இந்தக் கதி. வீட்டுக் கொட்டகையில் ரம்பம் வைத்து அறுத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

"கட்டை என் கைக்கு நீளம் சார்" என்கிறாயா? இந்தத் துப்பாக்கியில் தோளில் பதியும் பின்கட்டை தனித் துண்டு, முன்கட்டை தனித் துண்டு. பின்கட்டை நீளம், சாதாரணம், குட்டை என்று அரை அங்குல வித்தியாசத்தில் செய்தார்கள். அதைவிடக் குட்டையாகவும் ஒன்று உண்டு. உயரமான சிப்பாய்க்கும் குள்ளமான சிப்பாய்க்கும் ஒரே ரைஃபிள் பொருந்த வேண்டுமே! வேறு பின்கட்டை வாங்கி மாட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வை. ஒரு எச்சரிக்கை: பின்கட்டைக்குள் போகும் நீண்ட போல்ட்டைத் திருகுவதற்கு முன் முன்கட்டையைக் கழற்றிவிடு. அந்தப் போல்ட்டின் நுனி முன்கட்டையோடு பூட்டியிருந்தால், திருகும்போது மரம் பிளந்துவிடும்.

அடுத்து சைட். இதற்கு முந்தைய மாடலில் பின்சைட் குழலின் மேல், கண்ணைவிட்டுத் தள்ளி இருந்த வெட்டு. நம்பர் 4-ல் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து வட்டத் துளையாக்கினார்கள். துளை வழியே பார்த்தால் முன்சைட்டைக் கண் தானாகவே நடுவில் நிறுத்திக்கொள்ளும். இரண்டு சைட்டுக்கும் இடையே தூரம் கூடியதால் குறி பார்க்கும் பிழையும் குறைந்தது. நீ கழற்றி எறியப் போவது இந்த முன்னேற்றத்தைத்தான்.

"300 கஜத்துக்கு வைத்த துளை, மான் நிற்பதோ 100 கஜம், குண்டு மேலே போகிறது" என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முன்சைட்டின் தகடு பல உயரங்களில் உண்டு. உயரமான தகடு போட்டால் குண்டு கீழே இறங்கும். கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்தால் முடிந்துவிடுகிற சின்ன வேலை இது. பழைய தகட்டை டப்பாவில் போட்டு வைத்தால் என்றைக்கும் திரும்ப மாட்டலாம்.

இரும்பு சைட் பழங்காலத்துச் சாமான் என்று கேலி செய்பவர்கள் உன் ஊர் வடக்கே பாருங்கள். பனிப் பிரதேசத்தில் காவல் இருக்கும் கனடியன் ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது வருஷம் இதே நம்பர் 4-ஐத்தான் சுமந்தார்கள். 2018-லிருந்து கொடுத்த புதுத் துப்பாக்கியிலும் இரும்பு சைட் இருக்கிறது.

ஸ்கோப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிருகம் துடிக்காமல் ஒரே குண்டில் விழ வேண்டும், அதற்குக் கண் தெளிவு தேவை என்றால் அது நியாயமான பேச்சு. பின்சைட் இருக்கும் இடத்திலேயே, ஏற்கெனவே உள்ள திருகு ஓட்டையில் பொருத்தும் மவுண்ட் கிடைக்கிறது. புதிதாக ஒரு துளைகூட வேண்டாம். திருகின் இறுக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"என் காசு, என் பொருள்" என்பது அடுத்த வாதம். சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பொருளில் எழுதியிருப்பது உன்னுடையதா? லாங் பிராஞ்ச் ஆலை இருந்தது உன் டொராண்டோவின் மேற்கு எல்லையில்தான். உலகப் போரின்போது அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலை போய்விட்டது, பரிசோதனைக் கட்டடம் மட்டும் மிசிசாகாவில் இன்னும் நிற்கிறது, இப்போது கலை மையமாக. உன் துப்பாக்கி அந்த வாசலைத் தாண்டி வந்தது. பல துப்பாக்கிகளில் வரிசை எண்ணை முன்கட்டையின் அடியில், நுனிப் பக்கமாகவும் குத்தியிருப்பார்கள். நீ குப்பையில் போடப் போகும் துண்டிலேயே அது இருக்கலாம்.

"பட்டாளமே மாற்றவில்லையா?" என்று கேட்பீர்கள். மாற்றியது. நன்றாகச் சுட்டவற்றைப் பொறுக்கி ஸ்கோப் பொருத்தி நம்பர் 4 (டி) ஆக்கியது. ஆனால் மாற்றியதை முத்திரை குத்திப் பதிவும் செய்தது. அதனால் அந்த மாற்றமும் வரலாறாகவே நிற்கிறது. ரம்பத்தின் பல் எந்த முத்திரையும் குத்தாது.

"கொல்லும் கருவிக்கு என்ன சார் மரியாதை?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நான் கேட்பது மரியாதை இல்லை அம்மா, சாட்சியைக் கலைக்காமல் விடச் சொல்கிறேன். இந்தத் துப்பாக்கிக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து போன நம் நாட்டுச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில். 1962-ல் இமயமலைப் பனியில் நம் ஜவான்கள் பிடித்திருந்ததும் த்ரீ நாட் த்ரீதான். போர் நடந்ததை மறக்காமலிருக்கப் போரின் பொருள்களும் வேண்டும். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவரில் மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டு எழுத்தை மழுங்க வைத்தோம். அதைச் செய்தவர்களும் 'பளிச்சென்று ஆக்குகிறோம்' என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே தம்பி, இலகுவான வேட்டைத் துப்பாக்கிதான் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கு. பழசுதான் பிடிக்கும் என்றால், போருக்குப் பிறகு மலிவாக விற்ற காலத்தில் யாரோ அறுத்துவைத்த லீ என்ஃபீல்டுகள் உன் நாட்டில் ஏராளம். அதில் ஒன்றை வாங்கி உன் இஷ்டம்போல் செய்துகொள். யாரும் கேட்க மாட்டார்கள். முழுசாகத் தப்பி வந்ததைத் தொடாதே. கழற்றி மறுபடி மாட்டக்கூடிய எந்த மாற்றமும் செய். திரும்ப ஒட்ட முடியாத ஒன்றையும் செய்யாதே.

எதிர்க்கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், வெறும் 'மாஸ்' எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் சார்