வலிப்பு மாத்திரையை ஒளிப்பதா? உயிருக்கே உலை!

சென்னையில் வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம். வெளியே சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அரிசி டின்னிலும் புடவை மடிப்பிலும் மாத்திரையை ஒளித்து வைக்கும் மருமகள்கள் உண்டு. டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தில் "வலிப்பு உண்டா?" என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பயந்து வாயே திறக்காதவர்களும் உண்டு.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இவர்கள் என்ன செய்கிறார்கள்? டாக்டரிடம் போவதில்லை. தாங்களாகவே நிறுத்தி விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்!

தள்ளாடும் நடை

பக்க விளைவு என்பது நிஜம்தான். 1912 முதல் புழக்கத்தில் உள்ள பெனோபார்பிட்டால் தூக்கம் தள்ளும். சில குழந்தைகளுக்கோ துறுதுறுப்பு கூடிவிடும். 1938-ல் வந்த பெனிட்டாயினை நாள்பட சாப்பிட்டால் ஈறு வீங்கும். முகத்தில் முடி வளரும். அளவு கொஞ்சம் கூடினாலும் நடை தள்ளாடும். தெருவில் பார்க்கிறவர்கள் "பகலிலேயே தண்ணி போட்டிருக்கான்" என்பார்கள். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரையும் சேர்ந்தால் பெனிட்டாயின் ரத்தத்தில் ஏறிவிடக்கூடும்.

வால்புரோயேட்டில் உடம்பு பருக்கும், முடி கொட்டும், கை நடுங்கும். லெவெடிரசிடாம் சாப்பிடும் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். "இவனுக்குத் திமிர்" என்று வீட்டில் திட்டு விழும். அது மாத்திரை செய்கிற வேலை என்று யாருக்கும் தோன்றாது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. அளவைக் குறைக்கலாம். வேறு மாத்திரைக்குப் படிப்படியாக மாற்றலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தானே!

தோலில் தடிப்பு

கார்பமாசிபின், லாமோட்ரிஜின், பெனிட்டாயின் சாப்பிட ஆரம்பித்த முதல் 2 மாதங்களில் உஷார் தேவை. தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வம்தான். வந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆசிய வம்சாவளியினருக்கு கார்பமாசிபின் கொடுக்கும் முன் ரத்தத்தில் மரபணு சோதனை செய்யும்படி 2007-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

திடீரென நிறுத்தினால்...

மாத்திரையை திடுதிப்பென்று நிறுத்தினால், அடங்கி இருந்த வலிப்பு திரும்பி வரும். விடாமல் தொடர் வலிப்பாகவும் வரலாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது அவசர நிலை. மூளை பாதிக்கும், உயிரும் போகலாம். ஈறு வீக்கத்துக்குப் பயந்து மாத்திரையை விட்டவர் அடுப்படியிலோ, கிணற்றடியிலோ, பஸ் வரும் ரோட்டிலோ விழுந்தால் கதி என்ன?

கர்ப்பிணிகள் கவனம்

வால்புரோயேட் சாப்பிடும் தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு உடல் குறை வருகிறது. 30 முதல் 40 பேருக்கு அறிவு வளர்ச்சியில் பிரச்சினை வரக்கூடும். அதனால்தான் பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் கட்டுப்பாடு வந்தது. 55 வயதுக்கு உட்பட்ட ஆணோ பெண்ணோ யாருக்கும், 2 நிபுணர்கள் தனித்தனியே சம்மதிக்காமல் வால்புரோயேட்டை புதிதாக ஆரம்பிக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டால் மாத்திரையை மாற்ற அவகாசம் இருக்கும். ஒளித்து வைத்தவள் யாரிடம் கேட்பாள்? நாள் தள்ளிப்போன பிறகு பதறிப்போய் நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் ஆபத்து. உடனே டாக்டரைப் பார்ப்பதுதான் வழி.

சட்டம் மாறியது, ஊர் மாறவில்லை

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் கல்யாணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் அந்த வார்த்தையை நீக்கி விட்டார்கள். 25 வருஷத்துக்கு மேல் ஆகியும் மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு சேதி எட்டவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இன்றும் மறைக்கிறார்கள். பக்க விளைவைவிட இந்த மறைப்புதான் அதிக ஆபத்து.

சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரை இலவசம். ஒத்துக்கொள்ளவில்லையா? எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இருப்பதை இருப்பபடி சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக விட வேண்டாம்!