குறிப்புத் தாளில் விடுபட்ட வரி

கணினிக் கட்டளைகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தால், "பாடமாக்காமல் பார்த்தா செய்கிறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். என் உம்மாவும் கேட்டார். பரீட்சை மண்டபத்துக்கு அந்தக் கேள்வி சரி. வேலை செய்யும் மேசைக்குச் சரியல்ல. மாதத்தில் ஒருமுறை தேவைப்படும் கட்டளையை மனதில் சுமப்பதில் என்ன பெருமை? அரைகுறை ஞாபகத்தோடு தட்டச்சிடுவதுதான் ஆபத்து.

நான் சொல்வது 'கிற்' என்ற மென்பொருளைப் பற்றி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். ஒரு வேலையின் ஒவ்வொரு நிலையையும், யார் எப்போது மாற்றினார் என்பதோடு இது சேமித்து வைக்கும். சரவணையில் நாங்கள் மூவர், ஊர்க் கிணறுகளில் எது நன்னீர், எது உவர், எது கோடையில் வற்றும் என்று ஓர் இணையப் பக்கம் செய்கிறோம். அதற்கும் இதுதான்.

'அட்', 'கொமிற்', 'புஷ்' மூன்றும் ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும். அவற்றுக்குத் தாள் வேண்டாம். 'ரீபேஸ்', 'ரீசெற்', 'பைசெக்ற்' போன்றவற்றுக்குத்தான் வேண்டும். பைசெக்ற் எனக்கு மிகப் பிடித்தது. ஆயிரம் சேமிப்புகளில் எதில் பிழை நுழைந்தது என்பதை, பாதி பாதியாக ஒதுக்கி, ஏறக்குறையப் பத்துச் சோதனைகளில் காட்டிவிடும்.

ஆனால் நான் பார்த்த சில ஆயத்தத் தாள்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. வரலாற்றைக் காட்டும் 'லொக்', இருப்பதைத் துடைக்கும் 'ரீசெற் ஹார்ட்' இரண்டும் ஒரே எழுத்தளவில், அடுத்தடுத்த வரிகளில். மருந்தையும் எலிப் பாஷாணத்தையும் ஒரே தட்டில் வைத்ததுபோல. எது அழியும், எப்படி மீட்பது என்ற வரி மட்டும் இல்லை.

எங்களில் ஒருத்தி அப்படியொரு தாளைப் பார்த்து 'புஷ் ஃபோர்ஸ்' கொடுத்தாள். மற்றவள் பதிவேற்றிய எட்டுக் கிணறுகளின் விபரம் பொதுக் களஞ்சியத்திலிருந்து போயிற்று. அவளுடைய மடிக்கணினியில் அவை இருந்ததால் தப்பினோம். 'ஃபோர்ஸ் வித் லீஸ்' என்றொரு வடிவம் உண்டு. நாம் கடைசியாக எடுத்த நிலைக்குப் பிறகு வேறு யாரேனும் பதிவேற்றியிருந்தால் அது மறுத்துவிடும். அந்தத் தாளில் அது இல்லை.

ஆகவே தாளை நாமே தமிழில் எழுதவேண்டும் என்கிறேன். எங்கள் தாளில் முதல் வரி 'ரெஃப்லொக்': நம் கணினியில் நாம் நின்ற நிலைகளின் பதிவு. கிளையிலிருந்து விடுபட்டுப்போன சேமிப்பையும் இயல்பு அமைப்பில் 30 நாட்களுக்கு இதில் தேடிப் பிடிக்கலாம். கொமிற் செய்யாத வேலை இதில் இராது. அதைச் சிவப்பு மையில் எழுதினோம். 'ஃபில்ரர் பிராஞ்ச்' கட்டளையைச் சேர்க்கவில்லை. கிற்றின் சொந்தக் கைநூலே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.