ஆவி பிடிபட்டால் இழவு யாருக்கு?

மர்மம் வேண்டுமா, மர்மம்! வகைவகையாக விற்றார்கள் அமெரிக்க வணிகர்கள். ஆவிக்கு ஒரு தட்டு. பறக்கும் தட்டுக்கு ஒரு தட்டு. அற்புதத்துக்கு ஒரு தட்டு! பளபளக்கும் உறையிட்டு, பெட்டியில் அடுக்கி, வீட்டில் அமர்ந்தபடியே கண்டு நடுங்கலாம் என்று கடைவிரித்தார்கள். 1987 இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் தோன்றிய 'அன்சால்வ்டு மிஸ்டரீஸ்' என்னும் தொடர் பெற்ற மறுபிறப்பு அது. அதற்கும் மூத்தது 'இன் சர்ச் ஆஃப்'. 1977 முதல் 1982 வரை 144 பகுதிகள். லியோனார்டு நிமாய் என்னும் நடிகரின் நெஞ்சை உலுக்கும் குரல். 2012 இல் தொடர் முழுவதும் ஒரே பெட்டியில். இன்றோ தட்டின் காலம் தேய்ந்து யூடியூபின் காலம் நடக்கிறது. பெட்டி மாறிற்று, சரக்கு மாறவில்லை.

பழையதைப் போற்றிப் பாதுகாப்பது குற்றமா என்று கேட்பார்கள். குற்றமென்று எவர் சொன்னார்! பழங்காசைச் சேர்ப்பாரும், பழைய இசைத்தட்டைச் சேர்ப்பாரும் நாட்டுக்கு நல்லதே செய்கிறார்கள். நான் தொடுக்கும் வழக்கு வேறு. கேள்வியைப் பட்டுத்துணியில் சுற்றிப் பாதுகாத்தவர்கள், அக்கேள்விக்குக் கிடைத்த விடையைப் பரணில்கூட வைக்கவில்லை. வழக்கு இதுதான். சான்று? தருகிறேன்.

"சார், பெர்முடா முக்கோணத்திலே போற கப்பலெல்லாம் மாயமா மறையுதாமே, மெய்யா?" என்று என் வகுப்பு மாணவன் கேட்கிறான். அவனுக்கு வயது பதின்மூன்று. அவன் கண்ட காட்சிக்கு வயது நாற்பத்தைந்துக்கும் மேல்!

அந்த முக்கோணத்தைப் பற்றி 1974 இல் சார்லஸ் பெர்லிட்ஸ் என்பவர் ஒரு நூல் எழுதினார். கப்பல் மறைந்தது, விமானம் மறைந்தது, காரணம் காணோம் என்றார். நூல் இலட்சக்கணக்கில் விற்றது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த லாரி குஷே என்பவருக்கு ஐயம் பிறந்தது. அவர் மந்திரம் ஓதவில்லை. மை தடவிப் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். வானிலைக் குறிப்புகளைத் தேடினார். விசாரணை அறிக்கைகளைப் படித்தார். கண்டது என்ன? கண்ணாடிபோல் கிடந்த கடலில் மறைந்ததாகக் கதைக்கப்பட்ட கப்பல், கடும்புயலில் சிக்கியிருந்தது! அங்கே மூழ்கியதாகச் சொல்லப்பட்டது, வேறொரு கடலில் மூழ்கியிருந்தது! சில நிகழ்ச்சிகளோ, நடந்தன என்பதற்கே சான்றில்லை. கண்டதை 1975 இல் நூலாக்கி நாட்டின் முன் வைத்தார்.

'இன் சர்ச் ஆஃப்' பெர்முடாவைத் திரைக்குக் கொண்டுவந்தது எப்போது? 1977 இல். விடை அச்சேறி ஈராண்டு கழித்துக் கேள்வி அரங்கேறுகிறது! 2012 இல் பெட்டி வெளிவருகிறபோது விடைக்கு வயது முப்பத்தேழு. என் மாணவன் கேட்பதோ, பிறந்த நாள் மாறாத அதே பழைய கேள்வி.

ஊகமும் கலந்தது இந்நிகழ்ச்சி என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டோமே, போதாதா என்பார்கள். பால்குடத்தின்மேல் 'தண்ணீரும் கலந்தது' என்று எழுதி ஒட்டிவிட்டால், குடிக்கிற பிள்ளைக்குச் சத்து ஏறிவிடுமா?

பின்னால் கிடைத்த விடையைச் சேர்ப்பது இயலாத செயலும் அன்று. 'அன்சால்வ்டு மிஸ்டரீஸ்' அதைச் செய்தே காட்டிற்று, குற்ற வழக்குகளில் மட்டும். தேடப்படுவோரின் படத்தைக் காட்டினார்கள், பார்த்தவர்கள் தொலைபேசியில் துப்புத் தந்தார்கள், பலர் பிடிபட்டார்கள். பிடிபட்ட செய்தியையும் பின்னர் முறையாக ஒளிபரப்பினார்கள். நல்ல தொண்டு, மனமாரப் பாராட்டுவோம். ஆனால், கொலைகாரனுக்குக் கிடைத்த பின்செய்தி ஆவிக்குக் கிடைத்ததா? கொலைகாரன் பிடிபட்டால் தொடருக்குப் புகழ். ஆவி பிடிபட்டால் வாணிகத்துக்கு இழவு!

அமெரிக்கனை மட்டும் ஏசிப் பயனென்ன? நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். 1990களில் கவிதாலயா தந்த 'மர்மதேசம்' தமிழ் வீடுகளைக் கட்டிப்போட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினார், நாகா இயக்கினார். அதில் 'விடாது கருப்பு' என்னும் கதையை இன்றும் மறந்தவர் இலர். ஊர்த்தெய்வம் குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று ஊர் நடுங்கும் கதை அது. அதன் முடிச்சு எங்கே அவிழ்கிறது? கோயிலில் அன்று. சின்னஞ்சிறு வயதில் அச்சத்தை ஊட்டி வளர்க்கப்பட்டு, அதனாலேயே இரண்டாகப் பிளந்துபோன ஒரு மனத்தில்! மனநோயைப் பற்றி அந்நாளில் மேடையேறிப் பேசினாலும் கேட்க ஆளிருந்திராது. அத்தொடர் கதையாகச் சொல்லிக் கேட்கவைத்தது. எழுதியவர் கடவுள் நம்பிக்கை உடையவர்தாம். ஆயினும் இதற்காக அவருக்கு நன்றி சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் என் கைப்பேசிக்கு வந்து சேரும் துண்டுக்காட்சிகளில் என்ன இருக்கிறது? குளம்பொலி இருக்கிறது, இருட்டு இருக்கிறது, அலறல் இருக்கிறது. மனநோய் என்னும் விடை மட்டும் இல்லை. ஆசிரியர் விடை எழுதிவைத்தாலும், வெட்டி அனுப்புகிறவன் அதைக் கிழித்தெறிந்துவிடுகிறான்.

பக்கத்திலுள்ள கேரளத்தில், 2001 இல் கோட்டயம் வட்டாரத்தில் சிவப்பு மழை பெய்தது. அவ்வாண்டிலேயே ஆராய்ந்தவர்கள், அது ஒருவகைப் பாசியின் வித்துத்துகள் என்று கண்டு சொன்னார்கள். வானத்திலிருந்து வந்த உயிர் என்று வேறு இருவர் பின்னர் எழுதினார்கள். மர்மக் காணொளிகளில் நிலைத்தது எது என்று சொல்லவும் வேண்டுமா!

பொழுதுபோக்குத்தானே, இதற்கு இத்தனை ஆத்திரமா என்பார் இருக்கக்கூடும். அவர்களை எங்கள் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைக்கு அழைக்கிறேன். குழித்துறையாறு கடலோடு கலக்கும் இடம், கண்ணுக்கினிய கரை. வானம் தெளிந்திருக்கும், காற்றுக்கூட அடங்கியிருக்கும். அந்நேரத்தில் எவ்வித அறிகுறியுமின்றிக் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும், நிற்பவரை இழுத்துச்செல்லும். மர்மத் தொடர் எடுப்போனுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? இசையைக் கூட்டி, குரலைத் தாழ்த்தி, "கடல் ஏன் சினந்தது?" என்று ஒரு பகுதி எடுத்துவிடலாமே!

அந்தச் சினத்துக்குப் பெயர் உண்டு. கள்ளக்கடல். கள்வனைப்போல் ஓசையின்றி வருவதால் இக்கரையோர மீனவர் வைத்த பெயர் அது. யுனெஸ்கோவே 2012 இல் அப்பெயரை அறிவியல் வழக்காக ஏற்றது. ஏடு படித்த நாம் கடலம்மா கோபித்தாள் என்று பேசிக்கொண்டிருக்க, கடலில் உழைத்தவன் வைத்த பெயர் உலக மன்றம் ஏறிற்று! காரணமும் தெரியும். தெற்கே, மிகத் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் வீசுகிறது. அங்கே எழும் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரையை அடைகின்றன. புயல் அங்கே, பொங்குவது இங்கே. ஆகையால்தான் நம் வானத்தில் அறிகுறி இல்லை. அலை புறப்பட்டு வந்துசேர நாட்கள் ஆவதால், முன்கூட்டியே கணிக்கவும் முடியும். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையம் கணித்துச் சொல்லியும் வருகிறது.

2024 மே மாதத்திலும் சொல்லிற்று. எச்சரிக்கை வெளியாயிற்று. மே 5 ஆம் நாள், எங்கள் ஊர்க்கடல் ஒரு சிறுமியைக் கொண்டுபோயிற்று. மறுநாள், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டனர். பிணியைப் போக்கப் படித்த பிள்ளைகள்! கடல் மர்மமாக நடந்துகொண்டதா? இல்லை, இல்லவே இல்லை. கேள்விக்கு விடை இருந்தது. விடை எழுத்திலும் இருந்தது. கரையில் நின்றவர் காதுக்குத்தான் அது வந்து சேரவில்லை. பெர்முடாக் கடலைப் பற்றி நூறு கதை அறிந்த இளைஞரிடம், கள்ளக்கடல் என்றால் என்னவென்று கேட்டுப்பாருங்கள்! விழிப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்லுக்கு அப்பாலுள்ள கடலின் மர்மம் அவர்கள் சட்டைப்பைக்கே வந்துவிட்டது. காலடிக் கடலின் விடையைக் கொண்டுவந்து சேர்க்க ஆளில்லை.

ஆதலின், பழைய தொடர்களைத் தொகுத்து வெளியிடுவோரிடம் நான் கேட்பது பெரும்பொருள் அன்று. எரிக்கச் சொல்லவில்லை, தடுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இக்காட்சி ஒளிபரப்பான பின் அறிந்தது என்ன, அறிந்து சொன்னவர் யார், எந்த ஆண்டில் என்று சேருங்கள். விடை கிடைக்காத பகுதி இருப்பின், கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். அதற்காக எவரும் உங்களைத் தூக்கிலிடப் போவதில்லை. குஷேயின் ஆய்வைச் சொல்ல ஐந்து நிமிடம் வேண்டாம், மூன்றே போதும். சேர்க்க மாட்டோம், சேர்த்தால் சரக்கு விலைபோகாது என்பீர்களாயின், அதையாவது பெட்டியின் மேலுறையில் அச்சிட்டு விற்றுக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளி நூலகத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்!