தணிகைக்கு வேண்டிய கலாசாலை

1954-ஆம் வருஷத்தில் பாரத ரத்ன விருது முதன்முதலாக மூவருக்கு வழங்கப்பட்டது. மூவரும் இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் பிறந்தவர்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி வக்கீல் தொழிலைத் துறந்து தேச சேவையில் இறங்கியவர். திருச்சியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் பௌதிக சாஸ்திரத்தில் 1930-இல் நோபல் பரிசு பெற்றவர். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவ ஞானி. அந்த வருஷத்தில் திருத்தணி ஆந்திர ராஜ்யத்தில் இருந்தது என்பது வேறு விஷயம். அதை மீட்க நம்மவர் பட்ட பாட்டை வாசகர்கள் அறிவார்கள். சேவையும் சாஸ்திரமும் ஞானமும் சரியாசனம் பெற்ற அந்தப் பட்டியலைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் திருத்தணித் தாலுகாவின் தறிக்காரர் மகனுக்கும் விவசாயி மகளுக்கும் சாஸ்திரத்தையும் சேவையையும் ஒருசேரக் கற்பிக்க என்ன செய்தோம்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு மார்க்கம் கண்டிருக்கிறார்கள். 1901-இல் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில், ஆறே மாணாக்கர்களைக் கொண்டு ஈராண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், இத்தகைய கல்லூரிகள் தேசமெங்கும் பரவ வேண்டுமென்று சிபாரிசு செய்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் வழக்கில் ஊன்றியதும் அதன் பிறகுதான். மாணாக்கன் வீட்டிலிருந்தபடியே வந்து போகலாம், சம்பளம் குறைவு, மாலை வகுப்பும் உண்டு. இரண்டு வருஷம் பௌதிகமும் கணிதமும் கற்றவன் சர்வகலாசாலையில் மூன்றாம் வருஷ வகுப்பில் சேர வழியிருக்கிறது. அதே கட்டடத்தில் அடுத்த அறையில், முதியோரையும் ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் திக்கற்ற குழந்தைகளையும் பேணும் உத்தியோகங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. மக்கட்பணி என்று அதை நாம் சொல்லலாம்.

இது அந்நியச் சரக்கு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். தணிகையில் பிறந்த ராதாகிருஷ்ணனே 1948-49-இல் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை வகித்து, பத்துப் பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்குத் தொழிற் கல்வி நிலையங்கள் ஏராளமாக வேண்டும் என்றும், கிராமங்களுக்கென்றே சர்வகலாசாலைகள் வேண்டும் என்றும் எழுதினார். டென்னஸி பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை நடத்திய ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் அக்கமிஷனில் ஓர் அங்கத்தினர். அறிக்கை அச்சாயிற்று; பாராட்டும் கிடைத்தது; அப்புறம் அலமாரியில் ஏறிற்று. நமது தேசத்தில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரைக் கேட்பதற்கு 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் அவை தோன்றும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் விழித்துக்கொண்டு, ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே இதை நடத்தலாமென்று திட்டம் வகுத்தது.

பௌதிகத்துக்கும் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று சில பண்டிதர்கள் கேட்கக்கூடும். சம்பந்தமே அதுதான். எழுபது கிலோ எடையுள்ள முதியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற பெண், நெம்புகோலின் தத்துவத்தையும் புவியீர்ப்பு மையத்தையும் அறிந்திருந்தால் தன் முதுகெலும்பைக் காப்பாற்றிக்கொள்வாள். அறியாதவள் சில வருஷங்களில் தானே நோயாளியாவாள். 2021-இல் பிராணவாயு உருளைக்காக ஜனங்கள் வாசல் வாசலாக அலைந்ததை யாரும் மறக்கவில்லை. கிடைத்த உருளையில் அழுத்தமானி காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம், நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்களா? விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவி, சிவப்பொளியையும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியையும் இரத்தம் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தே பிராணவாயுவின் அளவைச் சொல்கிறது. விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் சாயம் பூசியிருந்தாலும் அது தவறாகச் சொல்லக்கூடும் என்பது பௌதிகம் கற்றவளுக்கு உடனே விளங்கும். எக்ஸ்-ரே கருவியிலிருந்து இரண்டு மடங்கு தூரம் விலகி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகும் என்ற விதி, அங்கே வேலை செய்பவனுக்கு ஆயுள் விஷயம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். படிகளுக்குப் பேர்போன திருத்தணியில் இந்தக் கணக்கை அவசியம் சொல்லித்தர வேண்டும்!

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கு 2007-இல் ஒரு சட்டம். சிறார் பாதுகாப்புக்கு 2015-இல் ஒரு சட்டம். இருபத்தொரு வகை ஊனங்களை அங்கீகரித்து 2016-இல் ஒரு சட்டம். மனநல சிகிச்சைக்கு 2017-இல் ஒரு சட்டம். டில்லியில் மசோதாக்கள் நிறைவேறுவதில் குறைவில்லை. அவற்றின் ஷரத்துக்களைத் தெருவுக்கும் திண்ணைக்கும் கொண்டுசெல்ல ஆள் வேண்டாமா? மாகாண சர்க்கார் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி மருந்து கொடுக்கப் பெண்களை அனுப்பியது. நல்ல காரியம், நாம் பாராட்டுகிறோம். அப்பெண்கள் மேற்கொண்டு படித்து உயர ஏணி எங்கே என்பதே நமது கேள்வி. எல்லைப் பிரதேசமாகையால் இங்கே பயிற்சி பெறுவோர் தமிழோடு தெலுங்கும் அறிந்திருக்க வேண்டும். தமிழுக்காகப் போராடிய இந்தப் பக்கத்தில் இதை எழுத நாம் கூசவில்லை. வலியால் முனகுகிறவனிடம் போய் எல்லைக் கமிஷன் தீர்ப்பைப் படித்துக் காட்ட முடியுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மூன்று மாதம், ஆறு மாதம் வகுப்பு நடத்திச் சான்றிதழ் விற்கும் கடைகள் ஊர்தோறும் முளைத்திருக்கின்றன. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம், குறைந்தபட்சம் 2000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு முதல் நான்கு வருஷங்களில் பரவியதாக இருக்க வேண்டும் என்கிறது. ஊனமுற்றோர் மறுவாழ்வுப் பணிக்கு 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு வேண்டும். இவற்றைச் சொல்லாமல் ஏழைப் பெண்ணிடம் பணம் வாங்கிக்கொண்டு சட்டம் போட்ட ஒரு காகிதத்தைக் கொடுப்பது மோசடியன்றி வேறில்லை. சர்க்காரே நடத்தும் கல்லூரி அந்த வழியில் இறங்குமானால் பாவம் இரட்டிப்பாகும். ஆகவே அங்கீகாரத்தை முதலில் பெற்றுக்கொண்டு பிறகு வகுப்பைத் திறக்க வேண்டும்.

சேவை உத்தியோகம் என்றால் மட்டம், பௌதிகம் என்றால் மேதாவிகளுக்கு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. ராமன் 1907 முதல் பத்து வருஷம் நிதி இலாகா உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி செய்தவர். மாலை வகுப்புக்கு இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் நமக்குத் தெரியவில்லை. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததே, அதற்காகச் சிறை சென்ற ம. பொ. சி. எத்தனை வகுப்புப் படித்தவர்? மூன்றாம் வகுப்பு. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக் கற்றார். அவரைப்போலப் பாதியில் பள்ளியை விட்டவர்கள் திரும்பி நுழைய ஒரு கதவு, அவர் மீட்டுக்கொடுத்த ஊரிலாவது இருக்க வேண்டாமா?

சுப்பிரமணிய சுவாமியின் பெயரைத் தாங்கிய அரசு கலைக் கல்லூரி திருத்தணியில் இருக்கிறது. மாலையில் அதன் அறைகளைத் திறந்துவிடலாம். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலும் சென்னையிலும் வேலை முடித்துத் திரும்புவோரின் நேரத்தை அனுசரித்து வகுப்பு வைக்கலாம். பாடம் தமிழில் இருக்கட்டும். பரீட்சையும் தமிழில் இருக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வாரத்தில் சில நாட்கள் நேரடிப் பயிற்சிக்கு உத்தரவு வேண்டும். முடித்தவர்களில் மேலே படிக்க விரும்புவோரைப் பட்டப் படிப்பின் இடை வருஷத்தில் சேர்த்துக்கொள்ள சர்வகலாசாலை எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். உயர் கல்வி மானியக் கோரிக்கை அடுத்த முறை சட்டசபைக்கு வரும்போது, திருத்தணித் தொகுதியின் அங்கத்தினர் எழுந்து நின்று இவற்றைக் கேட்பாரா? கேட்டால் அவருக்குக் கிடைக்கும் பதிலை இப்பத்தியிலேயே வெளியிடுவோம். கேட்காவிட்டால் அதையும் வெளியிடுவோம்.